ஒரே ஒரு புள்ளி!

ஒரு மார்க்கில் முதல் ரேங்க் போய்விட்டதே என்று அழுத பிள்ளைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். "ஒரு மார்க்தானே, விடு" என்று சமாதானமும் சொல்லியிருக்கிறேன். 2019-ஆம் ஆண்டு மார்ச் 9-ஆம் தேதிக்குப் பிறகு அப்படிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அன்று ஒரே ஒரு புள்ளி, இந்தியாவின் கால்பந்துக் கோப்பை யாருக்கு என்று தீர்மானித்துவிட்டது.

உங்கள் ஊர்த் திருவிழாவில் நடக்கும் போட்டியில், தோற்ற அணி பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போகும். லீக் போட்டி அப்படி இல்லை. எல்லா அணியும் எல்லா அணியோடும் ஆட வேண்டும். அதுவும் இரண்டு தடவை: ஒரு தடவை நம் ஊரில், ஒரு தடவை அவர்கள் ஊரில். வென்றால் 3 புள்ளி, டிரா ஆனால் 1 புள்ளி, தோற்றால் பூஜ்யம். கடைசியில் கூட்டிப் பார்த்து, அதிகம் வைத்திருப்பவருக்குக் கோப்பை.

2018 அக்டோபரில் தொடங்கிய ஐ-லீக் போட்டியில் 11 அணிகள். ஆகவே ஒவ்வோர் அணிக்கும் 20 ஆட்டம். ஸ்ரீநகர், கொல்கத்தா, ஷில்லாங், ஐஸ்வால், கோவா என்று ஆட்டக்காரர்கள் நாடு முழுக்கப் பயணம் செய்ய வேண்டும். அப்போது ஐ-லீக்தான் நாட்டின் முதல்நிலை லீக். (அடுத்த ஆண்டிலிருந்து அந்த இடம் ஐ.எஸ்.எல். போட்டிக்குப் போய்விட்டது.)

அந்த 11 அணிகளில் ஒன்று சென்னை சிட்டி. பெயரில்தான் சென்னை, சொந்த மைதானம் கோயம்புத்தூர் நேரு ஸ்டேடியம்! முந்தைய ஆண்டு 10 அணிகளில் எட்டாவதாக வந்த அணி அது. இந்தத் தடவை கோப்பை வாங்கும் என்று யார் நினைத்திருப்பார்கள்?

பயிற்சியாளர் அக்பர் நவாஸ், சிங்கப்பூர்க்காரர். அணியில் எட்வின் வான்ஸ்பால் போன்ற நம் தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் இருந்தார்கள். ஸ்பெயினிலிருந்து வந்தவர்களும் இருந்தார்கள். முன்வரிசையில் பெட்ரோ மான்சி. அந்த சீசனில் மட்டும் 21 கோல்! சர்ச்சில் பிரதர்ஸ் அணியின் வில்லிஸ் பிளாசாவும் அதே 21 கோல் அடித்து, அதிக கோல் அடித்தவர் என்ற பெருமையைப் பங்கு போட்டுக்கொண்டார்.

மாதங்கள் ஓடின. 19 ஆட்டம் முடிந்தபோது சென்னை சிட்டிக்கு 40 புள்ளி. கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்காலுக்கு 39. ஈஸ்ட் பெங்கால் 1920-இல் தொடங்கிய பழம்பெரும் அணி. அவர்கள் தேசிய லீக்கை வென்று 15 ஆண்டுகள் ஆகியிருந்தன. அந்த ரசிகர்களின் ஏக்கத்தையும் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள்.

கடைசி நாள். கோவையில் சென்னை சிட்டியும், முந்தைய ஆண்டுச் சாம்பியனான மினர்வா பஞ்சாபும் மோதின. பாலக்காட்டுக்கு அந்தப் பக்கம், கோழிக்கோட்டில், ஈஸ்ட் பெங்கால் கோகுலம் கேரளாவோடு ஆடியது. இரண்டும் ஒரே நேரத்தில்.

நான் கணக்கு வாத்தியாராக இருந்தவன், கணக்கை முதலில் போட்டுவிடுகிறேன். ஈஸ்ட் பெங்கால் வென்றால் 39-உடன் 3 சேர்ந்து 42. சென்னை சிட்டி டிரா செய்தால் 41தான். கோப்பை போய்விடும்! ஆகவே சென்னை சிட்டி யாரையும் எதிர்பாராமல் கோப்பையை எடுக்க வேண்டுமானால், வெல்ல வேண்டும்.

ஆட்டம் தொடங்கி மூன்றாவது நிமிடம். கோல்! அடித்தது மினர்வா. ஸ்டேடியமே வாயடைத்துப் போனது. இடைவேளை வரை சென்னை சிட்டியால் பதில் கோல் போட முடியவில்லை.

இடைவேளைக்குப் பிறகு ஒரு பெனால்டி கிடைத்தது. 11 மீட்டர் தூரத்தில் பந்து, எதிரே கோல்கீப்பர் மட்டும். சுலபம் என்று தோன்றும். ஊரே பார்த்துக்கொண்டிருக்கும்போது உதைத்துப் பாருங்கள், தெரியும்! மான்சி உதைத்தார். 1-1.

ஆனால் டிரா போதாதே. 69-வது நிமிடத்தில் இரண்டாவது கோல் விழுந்தது. அடித்தவர் மான்சி இல்லை. கௌரவ் போரா என்ற அசாம் இளைஞர். அவர் தடுப்பாட்டக்காரர். எதிரியைக் கோல் போடவிடாமல் மறிப்பதுதான் அவர் வேலை. 2-1.

அந்தப் பக்கம் கோழிக்கோட்டில் முதலில் கோகுலம்தான் கோல் அடித்திருந்தது. ஈஸ்ட் பெங்கால் விடவில்லை. ஒன்றைத் திருப்பியது, கடைசிக் கட்டத்தில் இன்னொன்றும் அடித்து 2-1 என்று முன்னேறியது. இப்போது அவர்கள் கையில் 42. கோவையில் மினர்வா ஒரே ஒரு கோல் அடித்தால் போதும், கோப்பை கொல்கத்தாவுக்கு ரயில் ஏறிவிடும்.

90 நிமிடம் முடிந்தது. கூடுதல் நேரம் ஓடுகிறது. அப்போது மறுபடியும் அதே கௌரவ் போரா, மறுபடியும் கோல்! 3-1. விசில் ஊதியாயிற்று. சென்னை சிட்டி 43, ஈஸ்ட் பெங்கால் 42. தமிழ்நாட்டு அணி ஒன்று ஐ-லீக்கை வென்றது அதுவே முதல் தடவை.

எல்லோரும் அந்தக் கடைசி நாளைத்தான் பேசுவார்கள். நான் புள்ளிப் பட்டியலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சென்னை சிட்டி 13 வெற்றி, 4 டிரா, 3 தோல்வி. அந்த நான்கு டிராக்கள் நடந்த நாளில், "சே, ஜெயிக்கவில்லையே" என்று தலையைத் தொங்கப் போட்டிருப்பார்கள். அதில் கிடைத்த ஒற்றைப் புள்ளிகளில் ஒன்று குறைந்திருந்தாலும் 42-க்கு 42 ஆகியிருக்கும்.

பி.டி. பீரியடைக் கேட்டு வாங்கி, அதில் கணக்குப் பாடம் நடத்தியவன் நான். அந்தப் பிள்ளைகள் இன்னும் என்னை மன்னிக்கவில்லை. இந்தப் பட்டியலைக் கரும்பலகையில் எழுதியிருந்தால் கொஞ்சம் மன்னித்திருப்பார்களோ என்னவோ!

சென்னை சிட்டி 2020-21 சீசனுக்குப் பிறகு ஐ-லீக்கில் ஆடவில்லை. ஈஸ்ட் பெங்கால் 2020-இல் ஐ.எஸ்.எல்.-க்குப் போய்விட்டது.

சரி, பென்சிலை எடுங்கள். ஈஸ்ட் பெங்கால் அந்த சீசனில் 13 வெற்றி, 3 டிரா, 4 தோல்வி. அந்தத் தோல்விகளில் குறைந்தது எத்தனையை டிரா ஆக்கியிருந்தால், 43 புள்ளியைத் தாண்டியிருப்பார்கள்? ஒன்று என்று அவசரப்பட்டு எழுதாதீர்கள்.