"கற்பிக்க முடியாத பிள்ளை" என்று முடிவு செய்வது யார்?

சிறப்புக் கல்வியைப் பற்றிப் பேச உட்கார்ந்தாலே ஒரு கேள்வி வந்துவிடுகிறது. "எங்கள் பிள்ளையைப் பள்ளியில் ஏற்க முடியாது என்கிறார்கள். விதி அப்படித்தான் இருக்கிறதாம். பெற்றோர் நாங்கள் என்ன செய்ய முடியும்?"

இதற்குப் பதிலாக, விதியையே மாற்ற வைத்த சில பெற்றோர்களைப் பற்றிச் சொல்கிறேன். இது அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் நடந்தது.

1970 வாக்கில் அந்த மாநிலக் கல்விச் சட்டம் எப்படி இருந்தது தெரியுமா? ஐந்து வயதுக்குரிய மனவளர்ச்சியை எட்டாத பிள்ளையை முதலாம் வகுப்பில் சேர்க்காமல் விடலாம். பள்ளி உளவியலாளர் ஒருவர், "இப்பிள்ளைக்குக் கற்பிக்கவும் முடியாது, பயிற்சி கொடுக்கவும் முடியாது" என்று சான்று எழுதிவிட்டால், மாநிலக் கல்வி வாரியத்தின் பொறுப்பு அத்தோடு தீர்ந்தது. இன்னொரு பிரிவு இதைவிட வேடிக்கையானது. பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாத பெற்றோருக்குத் தண்டனை உண்டல்லவா? அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளைகளின் பெற்றோருக்கு அதிலிருந்து விலக்கு தரும் பிரிவு அது. பெற்றோரைக் காப்பாற்ற வந்த அந்தப் பிரிவையே காட்டி, பள்ளிகள் பிள்ளைகளைத் திருப்பி அனுப்பின!

வீட்டில் வைத்துப் பார்க்க இயலாதவர்கள் பிள்ளைகளை அரசாங்கக் காப்பகங்களில் விட்டார்கள். அவற்றுள் ஒன்று பென்ஹர்ஸ்ட். 1968-ல் பில் பால்டினி என்ற செய்தியாளர் அதன் உள்ளே போய்ப் படம் பிடித்து ஐந்து பகுதிகளாகத் தொலைக்காட்சியில் காட்டினார். கட்டிலில் கட்டிப்போடப்பட்டவர்களையும், கவனிக்க ஆளில்லாமல் தரையில் கிடந்தவர்களையும் மக்கள் பார்த்தார்கள். அந்த மாநிலத்தில் இத்தகைய பிள்ளைகளின் பெற்றோர் ஏற்கெனவே ஒரு சங்கமாக இயங்கி வந்தார்கள். அவர்கள் கொதித்துப்போய் தாமஸ் கில்ஹூல் என்ற வழக்கறிஞரை அணுகினார்கள். அவருடைய சகோதரர் ஒருவரும் அறிவுசார் குறைபாடு உள்ளவர்.

பெற்றோர் நினைத்தது காப்பகத்தின் மீது வழக்கு. கில்ஹூல் பல வழிகளை எடுத்துவைத்தார். அவற்றுள் கல்வி உரிமை என்ற வழியைச் சங்கம் தேர்ந்துகொண்டது. இது மிகவும் புத்திசாலித்தனமான முடிவு என்பது என் எண்ணம். காப்பகத்தைச் சீர்செய்தால் உள்ளே இருப்பவர்களுக்கு மட்டுமே பலன். பள்ளிக் கதவு திறந்தால் பிள்ளை காப்பகத்துக்குப் போக வேண்டிய அவசியமே குறையும். மேலும், 1954-ல் கறுப்பினப் பிள்ளைகளைத் தனிப் பள்ளிகளில் ஒதுக்குவது செல்லாது என்று அமெரிக்க உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. அரசு ஒரு பிள்ளைக்குக் கல்வி கொடுத்தால் எல்லாப் பிள்ளைகளுக்கும் சமமாகக் கொடுக்க வேண்டும் என்ற அந்த வாதம் கைக்குத் தயாராக இருந்தது.

1971 ஜனவரியில் வழக்குத் தொடுத்தார்கள். ஆகஸ்டில் நிபுணர்கள் சாட்சி சொன்னார்கள். தகுந்த கல்வியும் பயிற்சியும் கிடைத்தால், இத்தகையவர்களில் 30 பேருக்கு 25 பேர் மற்றவர்களைப் போலவே உழைத்துத் தம் காலில் நிற்க முடியும். 4 பேர் பாதுகாப்பான சூழலில் வேலை செய்ய முடியும். மீதி ஒருவர்கூடத் தன்னை ஓரளவு தானே கவனித்துக்கொள்ளக் கற்க முடியும் என்றார்கள். எதையுமே கற்க இயலாத பிள்ளை என்று ஒன்று இல்லை. இதைக் கேட்ட மாநில அரசு தொடர்ந்து வாதாடவில்லை, உடன்பாட்டுக்கு வந்தது. 1972 மே மாதம் நீதிமன்றம் அதை உறுதி செய்தது.

6 முதல் 21 வயது வரை எல்லாருக்கும் இலவசக் கல்வி. இது முதல் பகுதி. இரண்டாவது பகுதிதான் பெற்றோருக்குப் பலம் கொடுத்தது. விடுபட்ட பிள்ளைகளை அரசே தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். பிள்ளையை வேறு வகுப்புக்கு மாற்றுவதானால் பெற்றோருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். பெற்றோர் ஆட்சேபித்தால் முறையான விசாரணை நடத்த வேண்டும்.

பணம் இல்லை என்று சொன்னால்? அதற்கும் அதே 1972-ல் பதில் வந்தது. தலைநகர் வாஷிங்டனில் நடந்த மில்ஸ் வழக்கில் கல்வி வாரியம் நிதிப் பற்றாக்குறையைக் காரணம் காட்டியது. பற்றாக்குறை என்றால் அதன் சுமை குறைபாடுள்ள பிள்ளைகள் தலையில் மட்டும் கூடுதலாக விழக்கூடாது என்று நீதிபதி சொல்லிவிட்டார்.

1975 நவம்பரில் இது நாடு தழுவிய சட்டமானது. அப்போது பத்து லட்சம் பிள்ளைகள் அரசுப் பள்ளிக்கு முற்றிலும் வெளியே இருந்ததாக அச்சட்டமே பதிவு செய்தது. கூடுதல் செலவுக்காக மத்திய அரசு வாக்களித்த 40 விழுக்காட்டு மானியம் இன்றுவரை எட்டப்படவில்லை. அங்குள்ள பெற்றோர் அதற்காக இன்னும் குரல் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

இனி மலேசியாவுக்கு வருவோம். நமது 1997-ஆம் ஆண்டுச் சிறப்புக் கல்வி விதிமுறைகளிலும், "கற்பிக்கக்கூடியவர்" என்ற தகுதி வைக்கப்பட்டிருந்தது. பல குறைபாடுகள் சேர்ந்த பிள்ளைகளும் கடுமையான குறைபாடுள்ளவர்களும் அதில் விலக்கப்பட்டார்கள். 2008-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டம், குறைபாட்டைக் காரணம் காட்டிப் பொதுக் கல்வியிலிருந்து யாரையும் விலக்கக்கூடாது என்றது. ஆனால் அரசாங்கம் நல்லெண்ணத்துடன் செய்ததற்கோ செய்யத் தவறியதற்கோ வழக்குத் தொடுக்க முடியாது என்றும் 41-ஆவது பிரிவில் எழுதப்பட்டது. விதிமுறைகள் 2013-ல் மாறின. 2019-ல் கல்வியமைச்சு, எந்தப் பிள்ளையையும் நிராகரிப்பதில்லை என்ற கொள்கையை அமலுக்குக் கொண்டுவந்தது. நல்ல கொள்கை, மறுப்பதற்கில்லை. ஆனால் கொள்கை வேறு, விசாரணை கேட்கும் உரிமை வேறு. பென்சில்வேனியாப் பெற்றோர் இரண்டையும் சேர்த்துக் கேட்டார்கள்.

சரி, பள்ளி இன்று மறுத்தால் என்ன செய்வது? வாய்வார்த்தையோடு திரும்பி வராதீர்கள். மறுப்பையும் காரணத்தையும் எழுத்தில் கேளுங்கள். மருத்துவரின் அறிக்கை, சமூகநல இலாகாவின் பதிவு அட்டை ஆகியவற்றின் நகல்களோடு மாவட்டக் கல்வி இலாகாவுக்குக் கடிதம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்குங்கள். பிள்ளை ஏற்கெனவே சிறப்புக் கல்வி வகுப்பில் இருந்தால், தனிநபர் கல்வித் திட்டம் என்று ஒன்றை ஆசிரியர் தயாரிக்க வேண்டும். அது தயாராகும்போது உங்களையும் அழைக்கச் சொல்லுங்கள். அதே பள்ளியில் அதே நிலையில் இருக்கும் மற்ற பெற்றோரின் தொலைபேசி எண்களையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.