புளித்த சோறும் சூஷியும்
மலாக்காப் புறநகரில் ஜப்பானிய உணவு

மலாயாவில் ரப்பர் மரம் வணிக நோக்கோடு முதன்முதலாகப் பயிரிடப்பட்ட இடம் மலாக்காவே. 1896ஆம் ஆண்டில் டான் சாய் யான் என்பார் புக்கிட் லிந்தாங்கில் அதனைத் தொடங்கினார். பின்னர் புக்கிட் அசகானில் பெருந்தோட்டம் எழுந்தது. அத்தகைய தோட்டங்களில் உழைத்த தமிழரின் பேரப்பிள்ளைகளிற் பலர் இன்று தோட்டங்களை விட்டு, ஆயர் குரோ, பத்து பெரெண்டாம், அலோர் காஜா முதலிய புறநகர்களுக்குக் குடிபெயர்ந்துள்ளனர். 1982இல் மலேசிய அரசு கிழக்கு நோக்கும் கொள்கையை அறிவித்தது. ஜப்பானியத் தொழிலும் வணிகமும் இம்மாநிலத்திலும் வேரூன்றின. அலோர் காஜா வட்டாரத்துப் பெகோவில் ஹோண்டாவின் கார்த் தொழிற்சாலை 2003இல் இயங்கத் தொடங்கியது. ஈயோன் என்னும் ஜப்பானிய நிறுவனத்தின் பேரங்காடிகளும் மலாக்காவில் உள்ளன. ஆகவே, சூஷி என்னும் உணவைத் தேடித் தலைநகருக்குச் செல்ல வேண்டியதில்லை; அது நம் வாயிலருகே வந்துவிட்டது.

வந்த விருந்தை அறிந்து வரவேற்பதே முறை. ‘பச்சை மீனைத் தின்பதா?’ என்று முகஞ்சுளிப்போரும் நம்மிடையே உண்டு. புதுமை என்பதற்காகவே நல்லது கெட்டது பாராமல் உண்போரும் உண்டு. இவ்விரு சாராரும் அறிய வேண்டிய செய்திகள் சிலவற்றை ஈண்டுக் காண்போம்.

சூஷி என்பது மீனன்று

சூஷி என்றால் பச்சை மீன் என்று பலர் எண்ணுகின்றனர். அது தவறு. சூஷி என்பது புளிப்பைக் குறிக்கும் பழைய ஜப்பானியச் சொல்லிலிருந்து வந்தது. காடி கலந்த சோறே சூஷியின் உயிர். மீன் அதன் துணை. சோறின்றித் தனியே அறுத்து வைக்கும் பச்சை மீனுக்குச் சஷிமி என்று பெயர்.

சோறு ஏன் புளித்தது? மீனைக் கெடாமற் காப்பதற்காகவே. உப்பிட்ட மீனைச் சோற்றில் புதைத்து வைத்தால், சோற்றிலுள்ள மாச்சத்தை நுண்ணுயிர்கள் அமிலமாக மாற்றும். அந்த அமிலம் மீனை அழுகவிடாது. ஜப்பானில் பீவா ஏரிப் பகுதியில் கெண்டையினத்து மீனைக் கொண்டு இன்றும் இவ்வாறு செய்கின்றனர். அதற்கு ஃபுனாசூஷி என்பது பெயர். இம்முறை தென்கிழக்காசியாவின் நெல் விளையும் ஆற்றங்கரைகளில் தோன்றி ஜப்பானுக்குச் சென்றது என்பது உணவாய்வாளர் பலரின் கருத்து.

இனி, மலாக்காவைப் பாருங்கள். இங்குப் புகழ்பெற்ற சிஞ்சாலோக் எவ்வாறு செய்யப்படுகிறது? கெராகாவ் என்னும் பொடி இறாலோடு உப்பையும் சோற்றையும் கலந்து, மூடிச் சில நாள் புளிக்க வைக்கின்றனர். மலாய்க்காரரும், ஊஜோங் பாசிர் போர்த்துகீசியக் குடியிருப்பினரும் இதனை விரும்பி உண்பர். ஆக, சிஞ்சாலோக்கும் பழைய சூஷியும் ஒரே வழிமுறையில் பிறந்தவை. உறவினர் எனினும் பொருந்தும். நம் தோட்டத்து வீடுகளில் இரவு நீரூற்றி வைத்து விடியலில் உண்ட பழைய சோற்றைப் புளிக்கச் செய்வனவும் இவ்வினத்து நுண்ணுயிர்களே. பழையதையும் நீராகாரத்தையும் அறிந்த தமிழர்க்குப் புளித்த சோறு புதிதாகுமா?

பிற்காலத்து ஜப்பானியர் மாதக்கணக்கில் காத்திராமல், சோற்றில் காடியைக் கலந்தே புளிப்பேற்றக் கற்றனர். இன்று டோக்கியோ எனப்படும் எடோ நகரில், 19ஆம் நூற்றாண்டின் தொடக்கப் பகுதியில், கையளவு சோற்றின்மேல் மீன்துண்டை வைத்துப் பிடிக்கும் நிகிரி சூஷி பரவியது. ஹனயா யோஹேய் என்பார் பெயரோடு அதனை இணைத்துக் கூறுவர். அது அரசர் விருந்தன்று; தெருவோரத்தார் அவசரமாக உண்ட உணவு. சூஷித் தட்டுகள் பட்டையில் சுழன்றுவரும் முறையை ஒசாகாப் பகுதியில் 1958இல் யோஷியாகி ஷிராய்ஷி என்பார் தொடங்கினார். பீர் ஆலையில் புட்டிகள் நகரும் பட்டையைக் கண்டு அவருக்கு இவ்வெண்ணம் உதித்ததாம்.

நல்லதை அறிவது எப்படி?

முதலில் சோற்றைச் சோதிக்க வேண்டும். நல்ல சூஷிச் சோறு உடலின் வெப்பத்தை ஒத்த இளஞ்சூட்டில் இருக்கும். எடுத்தால் உதிராது, வாயிலிட்டால் பருக்கை பருக்கையாகப் பிரியும். குளிர்ப்பெட்டியில் நெடுநேரம் வைத்த சோறு விறைத்துவிடும். பேரங்காடியில் பொதியாக வாங்குவோர் இதனைக் கருத வேண்டும்.

அடுத்தது மீன். நல்ல மீனுக்குக் கவிச்சி இராது. பளபளப்பும் இறுக்கமும் இருக்கும். மலாக்காக் கடற்கரையில் செவுள் பார்த்து மீன் வாங்கிப் பழகிய நம் தாய்மார்க்கு இதனைக் கற்பிக்க வேண்டியதில்லை. ஆனால் கண்ணுக்குத் தெரியாத ஒன்றுண்டு. கடல்மீன் சிலவற்றில் புழுக்கள் இருக்கக்கூடும். பூச்சியத்துக்குக் கீழ் 20 பாகைக் குளிரில் 7 நாள் உறைய வைத்தால் அவை மடியும். வீட்டுக் குளிர்ப்பெட்டி எப்பொழுதும் அந்தக் குளிரை எட்டும் என்று நம்ப முடியாது. ஆகவே, சந்தையில் வாங்கிய மீனை வீட்டில் பச்சையாக உண்ணத் துணிவது கூடாது. கருவுற்ற பெண்டிர்க்கும் நோயால் தளர்ந்தோர்க்கும் பச்சை மீன் ஏற்றதன்று.

மூன்றாவது, விற்பனை. கூட்டம் மிகுந்த வேளையில் செல்வது நலம். பட்டையில் பலமுறை சுற்றிவந்த தட்டை விட்டு, புதிதாகச் செய்து தரும்படி கேட்பதே அறிவுடைமை.

சைவ உணவினர் ஒன்றை மறக்கலாகாது. மீசோ சாற்றிலும், வேகவைத்த பல பண்டங்களிலும் தாஷி என்னும் அடிச்சாறு கலந்திருக்கும். அது பெரும்பாலும் உலர்ந்த மீன் சீவலில் காய்ச்சியது. காய்கறி மட்டுமே கண்ணுக்குத் தெரிந்தாலும் கேட்டறிந்து உண்ண வேண்டும். வெள்ளரிக்காய்ச் சுருள் அவர்க்கு ஏற்றது. இன்னொரு செய்தி: நிகிரியைக் கையால் எடுத்து உண்பது ஜப்பானிய மரபே. குச்சிகளோடு போராடி வெட்கப்பட வேண்டியதில்லை.

கறி சென்ற வழி

பச்சை மீன் வேண்டாதார் தெம்புரா உண்ணலாம். இறாலையும் காயையும் மாவில் தோய்த்துப் பொரிப்பது அது. நம் பஜ்ஜிக்கு இளைய உறவு. இம்முறையை ஜப்பானியர் போர்த்துகீசியரிடம் கற்றனர் என்பர். அப்போர்த்துகீசியர் 1511இல் மலாக்காவைக் கைப்பற்றியவர்கள். தமிழகத்து முத்துக்குளித்துறையில் பரதவரிடையே பணிபுரிந்த பிரான்சிஸ் சேவியர், 1547இல் மலாக்காவில் அஞ்சிரோ என்னும் ஜப்பானியரைச் சந்தித்து, 1549இல் இங்கிருந்தே ஜப்பானுக்குக் கப்பலேறினார். தூத்துக்குடிக் கரை, மலாக்கா, ஜப்பான் ஆகிய மூன்றும் ஒரே கடல்வழியில் கோத்த மணிகள் அன்றோ?

அங்காடியின் உணவுப் பட்டியலில் ‘கரே’ என்றொரு சொல்லையும் காணலாம். அது நம் ‘கறி’யே. தமிழிலிருந்து ஐரோப்பியர் நாவிற் புகுந்து, 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் வழியாக ஜப்பானை அடைந்தது. 1927இல் டோக்கியோவின் நாகமுராயா உணவகம் இந்திய முறைக் கறியைப் பரிமாறத் தொடங்கியது. அதற்கு வழிகாட்டியவர், ஆங்கிலேய ஆட்சியிடமிருந்து தப்பி ஜப்பானில் அடைக்கலம் புகுந்த ராஷ் பிஹாரி போஸ். 1943இல் சிங்கப்பூரில் இந்திய விடுதலைச் சங்கத்தின் தலைமையை நேதாஜியிடம் ஒப்படைத்தவரும் அவரே.

மறக்கலாகாதது

அவ்வாண்டுகளை நினைக்கும்போது நெஞ்சு கனக்கிறது. 1942 முதல் 1945 வரை ஜப்பானியர் ஆட்சியில் அரிசி அருகி, நம் மக்கள் மரவள்ளிக் கிழங்கை உண்டு உயிர் வாழ்ந்தனர். 1943இல் முடிந்த சயாம் மரண ரயில் பாதையில் மலாயாத் தோட்டத் தமிழர் பல்லாயிரவர் மாண்டனர். சோற்றுக்கு ஏங்கிய அக்காலத்தை நேரில் கண்டோரும், பெற்றோர் வாய்வழிக் கேட்டோரும் ஜப்பானியக் கடையின் படியேற மறுத்தால், அதனைப் பழமைவாதம் என்று இளைஞர் நகைக்கலாகாது. அம்மறுப்பும் ஒரு வரலாற்றேடு.

ஆயினும், ஒரு படையின் கொடுமைக்கு ஒரு நாட்டின் சமையலறை பொறுப்பன்று. உண்பதால் வரலாறு அழிந்துவிடாது; உண்ணாமையால் மட்டும் அது காக்கப்படுவதுமில்லை. சொல்வதனாலேயே அது காக்கப்படும். தமிழாசிரியர்கள் வகுப்பில் ‘கறி’ என்னும் சொல் கடல் கடந்த கதையைக் கூறும்போது, சயாம் காட்டில் மடிந்தோரின் கதையையும் உடன் கூறுவார்களாக. சூஷித் தட்டின் முன் அமரும் மாணவன் இரண்டையும் அறிந்தவனாக இருத்தல் வேண்டும். அதன்பின் அவன் உண்பதும் விடுவதும் அவன் விருப்பம்.