அலக்நந்தா என்னும் சுருள் மண்டலம்

சாந்தோம் கடற்கரையில் நின்று அண்ணாந்து பார்த்தால், நகர விளக்குகளின் ஒளியில் நம் பால்வீதிகூடப் புலப்படுவதில்லை. ஆனால் ஏறத்தாழ 1,200 கோடி ஆண்டுகளுக்கு முன் புறப்பட்ட ஒளியில் ஒரு விண்மீன் மண்டலத்தின் வடிவத்தையே கண்டுள்ளனர் நம் நாட்டினர் இருவர். புனேயில் உள்ள தேசிய வானொலி வானியற்பியல் மையத்தின் ராஷி ஜெயினும் அவருடைய வழிகாட்டி யோகேஷ் வதடேகரும் 2025-இல் இதனை அறிவித்தனர். ராஷி ஓர் ஆய்வு மாணவி என்பதில் நமக்குத் தனி மகிழ்ச்சி! இமயத்து நதியின் பெயரையே அதற்குச் சூட்டினர்.

ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியின் படத்தில் அது மங்கலான சிறு புள்ளிதான். இடையிலுள்ள ஏபெல் 2744 என்னும் மண்டலக் கூட்டம் தன் ஈர்ப்பினால் ஒளியை வளைத்து, பூதக்கண்ணாடிபோல் உதவியது. பல வண்ண வடிகட்டிகளின் வழியே ஒளியை அளந்து தொலைவையும் எடையையும் கணித்தனர். விட்டம் 30,000 ஒளியாண்டுகள். நம் பால்வீதியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. ஆயினும் ஆண்டுதோறும் சுமார் 60 சூரியன்களின் எடைக்கு அங்கே புது விண்மீன்கள் பிறந்தன.

வியப்பு அதன் இரு சுருள் கரங்களில்தான் இருக்கிறது. அப்போது பிரபஞ்சத்தின் வயது வெறும் 150 கோடி ஆண்டுகளே. இத்தகைய ஒழுங்கான வட்டு அமைய இன்னும் நெடுங்காலம் ஆகும் என்றே அறிஞர் பலர் எண்ணியிருந்தனர். குளிர்ந்த வாயு சீராக வந்து சேர்ந்ததா, அண்டை மண்டலம் ஏதேனும் இழுத்ததா? வட்டு சுழலும் விதத்தை அளந்தால் விடை தெரியக்கூடும்.