ஆட்டைக் காணோம்... கணக்குலயும் காணோம்!

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனேன். பெரியப்பா பட்டியில் மூன்று ஆடுகள் குறைந்தன.

"வித்துட்டீங்களா பெரியப்பா?"

"ராத்திரியோட ராத்திரியா எவனோ ஓட்டிட்டுப் போயிட்டான்டா."

"போலீஸ்ல சொன்னீங்களா?"

ஏற இறங்கப் பார்த்தார். "ஸ்டேஷன் பன்னிரண்டு கிலோமீட்டர். ரெண்டு நாள் பொழப்பு கெடும். யார் மேல சந்தேகம்னு கேப்பாங்க. பக்கத்து ஊர்க்காரன் பேரைச் சொன்னா திருவிழாவுல தகராறு. விடுறா!"

பெரியப்பா விட்டுவிட்டார். சர்க்காரும்தான்!

எப்படீங்கறீங்களா? 1986-ல் ஆரம்பித்த தேசிய குற்ற ஆவணக் காப்பகம், நாட்டில் நடக்கும் குற்றங்களை வருடவாரியாகப் புத்தகமாகப் போடுகிறது. அதில் ஏறுவது போலீசில் பதிவான கேஸ்கள் மட்டுமே. நான் பி.காம். சார். பில் போடாத வியாபாரம் லெட்ஜரில் ஏறாது என்பது எனக்குத் தெரியாதா? ஒழுங்காக எஃப்.ஐ.ஆர். போடும் ஸ்டேஷன் எல்லையில் குற்றம் அதிகமாகத் தெரியும். வந்தவரை விரட்டுகிற ஸ்டேஷன் எல்லை, சொர்க்கபூமி!

இதற்கு ஒரு வழி, பறிகொடுத்தவரையே வீடு தேடிப் போய்க் கேட்பது. அமெரிக்காவில் 1973-லிருந்தும் பிரிட்டனில் 1982-லிருந்தும் கேட்கிறார்கள். இங்கேயும் டெல்லி, மும்பை, சென்னை, பெங்களூரில் நடந்த அப்படி ஒரு சர்வே 2017-ல் வெளியானது. நாலுமே சிட்டி! பெரியப்பா ஊருக்கு யாரும் வரவில்லை.

வந்தாலும் கேட்கத் தெரியணும். "குற்றம் ஏதாவது நடந்ததா?" என்றால், "ஒண்ணுமில்லீங்க" என்பார். "ஆடு, கோழி, மோட்டார் ஒயர் ஏதாச்சும் காணாமப் போச்சா?" என்று கேளுங்கள், அரைமணி நேரம் பேசுவார். அதிலும் மூணு வருஷத்துக்கு முன்னாடி போனதை "போன வருஷந்தான்" என்று சேர்த்துவிடுவார்! அதனால்தான் அமெரிக்காவில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதே வீட்டைத் தேடிப் போகிறார்கள். இங்கே "பொங்கலுக்கு முன்னாடியா, பின்னாடியா?" என்று கேட்டால் போதும்.

இன்னொரு சங்கடம், கணவர் திண்ணையில் இருக்கும்போது மனைவி எதைச் சொல்வார்? தேசிய குடும்பநல ஆய்வில், அடி உதை பற்றிய கேள்விகளை வீட்டுக்கு ஒரு பெண்ணிடம், தனியாகத்தான் கேட்பார்கள். 2019-21 ஆய்வில், அடி உதையோ பாலியல் கொடுமையோ அனுபவித்ததாகச் சொன்ன பெண்களில் யாரிடமாவது உதவி கேட்டவர்கள் 14 சதவீதம்தான்.

எனக்கும் ஒரு ஆசை. அடுப்படியில் தனியாக இருந்த பெரியம்மாவிடம் கேட்டேன்: "உங்களுக்கு ஏதாச்சும் திருட்டுப் போயிருக்கா பெரியம்மா?"

வாசலை ஒருமுறை எட்டிப் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார்.

"ரெண்டு வருஷமாச்சு. பஸ்ல எவனோ செயினை அறுத்துட்டான். கழுத்துல கிடக்கிறது கவரிங். உங்க பெரியப்பாகிட்ட சொல்லிடாதேடா!"