குலுக்கல் விசாவை யாரும் விற்க முடியாது

சிவகாசிப் பிள்ளைகள் பிழைப்புத் தேடி வெளியூர் போவது புதிதல்ல. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1920-களின் தொடக்கத்தில் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டி செய்யக் கற்றுத் திரும்பினார்கள். அதனால்தான் இந்தக் கரிசல் காட்டில் தீப்பெட்டியும், பின்னர் பட்டாசும் தொழிலாக வேர்விட்டன. இன்று பட்டாசு ஆலைத் தொழிலாளியின் மகன் பி.இ. முடிக்கிறான், மகள் பி.காம். முடிக்கிறாள். அவர்கள் கடல் கடக்க ஆசைப்படுவது நியாயமானது. ஆனால் "ஒர்க்கிங் ஹாலிடே விசா, நூறு சதவீதம் கியாரண்டி" என்று யாராவது சொன்னால், அட்வான்ஸ் கட்டும் முன்பு கொஞ்சம் நிதானியுங்கள்.

எந்த நாடு, என்ன விதி?

இளைஞர்கள் ஒரு நாட்டைச் சுற்றிப் பார்த்துக்கொண்டே, செலவுக்கு அங்கேயே வேலையும் செய்ய அனுமதிப்பதுதான் ஒர்க்கிங் ஹாலிடே விசா. நிரந்தரக் குடியுரிமைக்கு இது உத்தரவாதம் தராது.

ஆஸ்திரேலியா 2024-ல் இந்தியர்களுக்கு இந்த வாய்ப்பைத் திறந்தது. ஆண்டுக்கு 1,000 இடங்கள். வயது 18 முதல் 30 வரை. பள்ளிக்குப் பிறகு குறைந்தது 2 ஆண்டு உயர்கல்வியும், ஓரளவு ஆங்கிலமும், கையிருப்பாகச் சுமார் 5,000 ஆஸ்திரேலிய டாலரும் வேண்டும். ஓராண்டு தங்கலாம்; பொதுவாக ஒரே முதலாளியிடம் 6 மாதத்துக்கு மேல் வேலை செய்யக் கூடாது. குலுக்கல் முறையில்தான் ஆட்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள்; அதற்குப் பதிவுக் கட்டணம் வெறும் 25 டாலர். முதல் குலுக்கலுக்கு இரண்டே வாரத்தில் ஏறத்தாழ 40,000 பேர் பதிந்தார்கள்.

இதே போன்ற பிரிட்டனின் இளம் தொழில்முறையாளர் திட்டம் 2023-ல் தொடங்கியது. ஆண்டுக்கு 3,000 இடங்கள், 2 ஆண்டு வரை தங்கலாம். பட்டப்படிப்பு கட்டாயம். 2,530 பவுண்டு தொடர்ந்து 28 நாள் வங்கிக் கணக்கில் இருக்க வேண்டும். குலுக்கலில் சேரக் கட்டணமே இல்லை. பெயர் விழுந்த பிறகுதான் விசாக் கட்டணமும், ஆண்டுக்கு 776 பவுண்டு சுகாதாரக் கட்டணமும் கட்ட வேண்டும். இரண்டையும் சேர்த்தால் நம் பணத்தில் 2 லட்சம் ரூபாயைத் தாண்டும். மனைவி மக்களை இந்த விசாவில் உடன் அழைத்துப் போக முடியாது.

ஏமாற்று எங்கே தொடங்குகிறது?

இரண்டு நாடுகளிலும் பெயரைத் தேர்ந்தெடுப்பது கணினிக் குலுக்கல். "தூதரகத்தில் ஆள் இருக்கிறது, உங்கள் பெயரை விழ வைக்கிறேன்" என்பவர் பொய் சொல்கிறார். பதிவை நீங்களே அந்த நாட்டு அரசின் இணையதளத்தில் செய்துவிடலாம். அதற்கு ஏஜென்ட் தேவையில்லை, முன்கூட்டியே வேலை உத்தரவும் தேவையில்லை.

ரொக்கமாகப் பணம் கேட்பது, ரசீது தராமல் துண்டுச் சீட்டில் தொகையை எழுதித் தருவது, அசல் சான்றிதழையும் பாஸ்போர்ட்டையும் வாங்கி வைத்துக்கொள்வது, "டூரிஸ்ட் விசாவில் போங்க, அங்கே மாத்திக்கலாம்" என்பது, இவையெல்லாம் அபாய மணிகள். 2022-ல் தாய்லாந்தில் கணினி வேலை என்று அழைத்துப் போகப்பட்ட தமிழ் இளைஞர்கள் மியான்மரின் மியாவதியில் அடைக்கப்பட்டு, இணைய மோசடி செய்யும்படி சித்திரவதைக்கு ஆளானார்கள்.

வேலைக்கு ஆள் அனுப்புவதாகச் சொல்லும் ஏஜென்சியானால், 1983-ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டப்படி மத்திய அரசின் லைசென்ஸ் இருக்க வேண்டும். ‘இ-மைக்ரேட்' இணையதளத்தில் அதைச் சரிபார்க்கலாம். அவர்கள் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான். தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமும் 1978 முதல் இயங்கி வருகிறது.

ஆலையில் அட்வான்ஸ் வாங்கிவிட்டு, அது தீரும் வரை வேறு வேலைக்குப் போக முடியாமல் தவிப்பது என்னவென்று நம் பகுதிக் குடும்பங்களுக்கு நன்றாகவே தெரியும். கந்துவட்டிக்கு வாங்கி வெளிநாடு போகிற பிள்ளையும் அப்படித்தான் கட்டுண்டு போவான். வட்டிக்குப் பயந்தே எந்தக் கொடுமையையும் சகித்துக்கொள்வான். தாயின் நகையை அடகு வைத்துத்தான் போக வேண்டும் என்றால், பயணத்தை ஓராண்டு தள்ளிப்போடுவது மேல்.

போன இடத்தில் உங்கள் உரிமை

ஆஸ்திரேலியாவில் எந்த விசாவில் இருந்தாலும் குறைந்தபட்சக் கூலி உண்டு. 2025 ஜூலை நிலவரப்படி அது மணிக்கு 24.95 டாலர். கூலி தந்த ஒரு வேலை நாளுக்குள் சம்பளச் சீட்டு தர வேண்டும். பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வைக்க முதலாளிக்கு உரிமை இல்லை. கூலி தராவிட்டால் அந்நாட்டின் ‘ஃபேர் ஒர்க் ஆம்புட்ஸ்மேன்' அலுவலகத்தில் 13 13 94 என்ற எண்ணில் புகார் செய்யலாம். ஆங்கிலத்தில் பேசத் தயக்கமாக இருந்தால் 131 450 என்ற மொழிபெயர்ப்புச் சேவையை அழைத்து "தமிழ்" என்று கேளுங்கள். பிரிட்டனில் தொழிலாளர் உரிமை ஆலோசனைக்கு ‘ஏகாஸ்' அமைப்பின் எண் 0300 123 1100.

ஏமாந்துவிட்டால்

வெட்கப்பட்டு வாயை மூடிக்கொள்ளாதீர்கள். ஆன்லைனில் பணம் அனுப்பியிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-ஐ அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, அவ்வளவுக்குப் பணத்தை வங்கியில் முடக்க வாய்ப்பு அதிகம். ரொக்கமாகக் கொடுத்திருந்தால் விருதுநகர் எஸ்.பி. அலுவலகத்திலுள்ள மாவட்டக் குற்றப்பிரிவில் புகார் கொடுங்கள். வாட்ஸ்அப் உரையாடல், துண்டுச் சீட்டு, வங்கிக் கணக்கு விவரம் எதையும் அழித்துவிட வேண்டாம், அவைதான் சாட்சி. மோசடி, பாரதிய நியாய சன்ஹிதாவின் 318-ஆவது பிரிவின்படி 7 ஆண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். வெளிநாட்டில் சிக்கியவர்களுக்காக வெளியுறவு அமைச்சகத்தின் ‘மதத்' இணையதளத்தில் வீட்டாரே புகார் பதியலாம். சென்னையில் அயலகத் தமிழர் நல ஆணையரகமும் உதவுகிறது.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளையின் ஆசையைத் தடுக்காதீர்கள். பாஸ்போர்ட்டையும் பணத்தையும் முன்பின் தெரியாதவர் கையில் கொடுப்பதைத் தடுங்கள். இந்தக் குலுக்கலுக்கு உண்மையான விலை ஒரு நாட்டில் 25 டாலர், இன்னொரு நாட்டில் இலவசம். அதற்கு லட்சங்களைக் கேட்பவர் எவராயினும், நேரே போலீசில் சொல்லுங்கள்.