உங்களுக்குத் தெரியுமா? கீமோவும் ரத்தத்துச் சோடியமும்

1978இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற சிஸ்பிளாட்டின், விரைப் புற்றுநோயாளிகளின் தலையெழுத்தையே மாற்றிய கீமோ மருந்து. ஆனால் அதிலுள்ள பிளாட்டினம் சிறுநீரக நுண்குழாய்களைப் பதம் பார்க்கும். சோடியமும் மெக்னீசியமும் சிறுநீரோடு கழியும். அதனால்தான் கூடவே சலைன் என்ற உப்புநீரும் ஏற்றுகிறார்கள்.

வின்கிரிஸ்டின், சைக்ளோபாஸ்பமைடு ஆகிய கீமோ மருந்துகளின் வேலை வேறு. உடம்பில் தண்ணீரைத் தேக்கி, ரத்தத்துச் சோடியத்தை நீர்த்துப்போகச் செய்யும். சைக்ளோபாஸ்பமைடு சிறுநீர்ப்பையைப் புண்ணாக்காதிருக்க நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்வார்கள்; சிலருக்கு அந்தத் தண்ணீரே வம்பாகிவிடும்!

குறைவது ஒரே சோடியம்தான், வைத்தியமோ நேரெதிர்: முதல் வகைக்கு உப்புநீர், அடுத்ததற்குப் பெரும்பாலும் தண்ணீர்க் கட்டுப்பாடு. ரத்தத்துச் சோடியத்தின் இயல்பு அளவு லிட்டருக்கு 135 முதல் 145 மில்லிமோல். இறங்கினால் தலைவலி, குமட்டல், மனக்குழப்பம், முற்றினால் வலிப்பு. ‘கீமோ அசதிதான்’ என்று வீட்டில் சில வேளை விட்டுவிடுவது இந்த அறிகுறிகளைத்தான்.