சேற்றில் தண்ணி குறைஞ்சா ஆபத்தும் குறையும்! மேட்டூர் 'ரெட் மட்' சொல்லும் பாடம்

மேட்டூர்:-

சேலம் மாவட்டம் மேட்டூரில் மால்கோ அலுமினிய ஆலை 2008 வரை ஓடியது. சேர்வராயன் மலை, கொல்லிமலையில் வெட்டிய பாக்சைட் கல் இங்குதான் வந்தது.

கல்லை அரைத்து, காஸ்டிக் சோடாவில் வேகவைத்து அலுமினாவை எடுத்தால் மிச்சம் நிற்பது சிவப்பு சேறு. இதுதான் 'ரெட் மட்'. 1 டன் அலுமினா எடுத்தால் ஏறக்குறைய அதே அளவு சேறும் வரும். காஸ்டிக் கலந்திருப்பதால் தோலில் பட்டால் புண்ணாகிவிடும்.

இந்த சேற்றை எங்கே, எப்படி போடுவது? உலகம் முழுக்க இதுதான் தலைவலி.

10 பேர் பலி

தண்ணியாகவே கொண்டுபோய் மண் கரை போட்ட குளத்தில் விட்டால் செலவு கம்மி. ஆனால் கரை உடைந்தால் வெள்ளம்தான். 2010 அக்டோபர் 4-ந் தேதி ஹங்கேரி நாட்டில் அப்படி உடைந்தது. ஊருக்குள் சிவப்பு சேறு பாய்ந்து 10 பேர் பலியானார்கள். நம் நாட்டிலும் 2019 ஏப்ரலில் ஜார்கண்ட் மாநிலம் முரியில் சிவப்பு சேற்று மேடு சரிந்தது.

இட்லி மாவு பதம்

இதற்கு வழிதான் 'திக்னர்' தொட்டி. பெரிய வட்டத் தொட்டியில் சேற்றை விட்டு ஒரு மருந்து கலப்பார்கள். தூள் தூளாக மிதக்கும் மண் ஒன்றோடொன்று ஒட்டி அடியில் இறங்கும். மேலே தெளிந்த தண்ணி வழியும். அடியில் மெதுவாக சுற்றும் கரண்டி கெட்டிச் சேற்றை நடுவுக்குத் தள்ளும். அங்கிருந்து பம்ப் இழுத்துக்கொள்ளும்.

கணக்கு இதுதான். சேற்றில் 100-க்கு 30 பங்கு மண் என்றால், 100 கிலோ மண்ணோடு 233 லிட்டர் தண்ணி போகிறது. 60 பங்காக கெட்டியாக்கினால் 67 லிட்டர்தான் போகும். மீதி 166 லிட்டர் ஆலைக்கே திரும்பும். கூடவே காஸ்டிக்கும் மிச்சம்.

நீர்த்த மாவு ஓடும், கெட்டி மாவு நிற்கும். அதே கதைதான். பிழியும் எந்திரத்தில் மேலும் பிழிந்தால் லாரியில் அள்ளி அடுக்கலாம். ஆனால் காய்ந்தால் தூசி பறக்கும். தண்ணி தெளித்து, மேலே நல்ல மண் போட்டு மூட வேண்டும். மழைத்தண்ணி உள்ளே இறங்காமலும் பார்க்க வேண்டும்.

என்ன கேட்கணும்?

மேட்டூரில் காவிரி பக்கத்திலேயே ஓடுகிறது. கரூர், ஈரோடு, நாமக்கல் எல்லாம் அந்த தண்ணியைத்தான் குடிக்கிறது.

உங்கள் ஊருக்கு சுரங்கமோ ஆலையோ வந்து, கருத்து கேட்பு கூட்டம் நடந்தால் மக்கள் கேட்க வேண்டியது ஒரே கேள்வி: "கழிவை எந்த பதத்துல கொட்டுவீங்க? தண்ணியாவா, கெட்டியாவா?"